வீட்டில் யாருக்கும் படிக்க வராது

சித்தூர்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்சவேணி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். சுகம் கொஞ்சம் அதிகமாகிக் காது வலிக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஹாஸ்டல் மாடிப்படியை இன்னும் நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குகிறாயா?

எழுபது கிலோமீட்டரில் இருந்துகொண்டு ஃபோன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாளே என்று திட்டாதே. ஃபோன் என் கையில் இருந்தால்தானே. காலையில் நிதின் அதில் யானை பார்க்கிறான், சாயங்காலம் கீர்த்தி ஹோம்வொர்க் என்று பிடுங்கிக்கொள்கிறாள். அப்படியே பேசினாலும் ஹாலில் மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த வீட்டில் எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள், ஒருத்தருக்கும் தமிழ் படிக்க வராது. இவர் தெலுங்கு மீடியம், பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். வரதய்யபாளையத்தில் நாம் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடம் நம் இரண்டு பேருக்கும் இப்படித்தான் உதவுகிறது. எதை வேண்டுமானாலும் எழுதி மேசைமேல் விரித்துப்போட்டுவிட்டுப் போகலாம், பீரோவில் வைத்துப் பூட்டிய மாதிரிதான்.

நாவல் பாதியில் நிற்கிறது. சென்னைப் பதிப்பாளர் ஜூன் ஐந்துக்குள் கேட்கிறார். இரண்டு தடவை தள்ளிப்போட்டாச்சு, மூன்றாவது தடவை கேட்க எனக்கே வெட்கம். வாஷிங் மெஷின் மூடிமேல் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமே முறுக்குப் புழிஞ்சிக்கினு கீற?" என்று கேட்டுவிட்டு மாங்கூழ் ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டார். கீர்த்தி தினமும் நோட்டைப் புரட்டி, "இதுல நான் இருக்கேனா?" என்கிறாள். இல்லை என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள்.

இருபத்துநாலாம் தேதி பள்ளிக்கூடம் மூடுகிறார்கள். கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டும் பெங்களூரிலிருந்து வருகின்றன. நான்கு பிள்ளைகள், இரண்டு அறை, ஒரு நாவல். நினைத்தாலே தலை சுற்றுகிறது.

அன்புடன்,
அம்சா


திருப்பதி
11 ஏப்ரல் 2025

அம்சாவுக்கு,

ஷோபா எழுதுவது. முழங்கால் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உன் இரண்டு பேரையும் என்னிடம் அனுப்பு. இருபதாம் தேதிக்குள் பெண்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். நூற்றிருபது பேர் கத்திக்கொண்டிருந்த கட்டடத்தில் நானும் வாட்ச்மேனும் மட்டும். வார்டன் வேலையில் எனக்குப் பிடிக்காதது இந்த ஒன்றரை மாதம்தான். உன் மாமா போன பிறகு இன்னும் பிடிக்கவில்லை. இங்கே ஓட இடம் இருக்கிறது, கத்தினால் கேட்க ஆளில்லை.

பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் அம்மா ஊர் பலமனேர் இருக்கிறதே, அங்கே போகட்டும். நீயே கேட்டால் தப்பாகும், திலீப்பை விட்டு அவர் தம்பியிடம் கேட்கச் சொல். நீ நாவலை முடி.

ஷோபா


சித்தூர்
30 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளைகளை இறக்கிவிட்டு இவர் பத்திரமாக வந்து சேர்ந்தார். உன் கையால் இரண்டு நாள் சாப்பிட்ட தெம்பு முகத்தில் தெரிகிறது. நான் சுகம்.

வீடு காலி. உன்னிடம் சொல்ல என்ன, முதல் மூன்று நாள் ஒரு வரி ஓடவில்லை. மேசையில் உட்கார்ந்தேன், நிஜமான மேசையில், நாற்காலி போட்டு. அரை மணிக்கு ஒரு தடவை யாரோ கூப்பிடுகிற மாதிரி எழுந்து எழுந்து போனேன். யாருமில்லை. சத்தமில்லாமல் எழுதுவது எப்படி என்றே மறந்துபோச்சு, பார். கடைசியில் துணியே இல்லாமல் வாஷிங் மெஷினை ஓட விட்டேன். அப்புறம் நான்கு பக்கம் வந்தது.

நிதினுக்கு வயிறு சரியில்லை என்றால் மோர் கொடு, ஐஸ்கிரீம் கேட்பான், ஏமாந்துவிடாதே. கீர்த்தி சரியாகத் துன்னாமல் தட்டோடு விளையாடுவாள். பதினொரு வயசாச்சு, இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அம்சா


திருப்பதி
5 மே 2025

அம்சாவுக்கு,

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். நிதின் ஐஸ்கிரீம் கேட்டான், ஏமாந்துவிட்டேன்.

ஹாஸ்டல் வராந்தாவில் அவன் சைக்கிள் விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே சமைக்கிறேன். கீர்த்தி அதிகம் பேசுவதில்லை, ஆனால் எங்கே போனாலும் கூட வருகிறாள். காய் வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் நகரமாட்டேன் என்கிறாள். யாத்திரிகர்களுக்காக நான்கு பாஷையில் போர்டு எழுதியிருக்கிறார்களே, அவற்றைப் பார்த்து நோட்டில் எதையோ வரைந்துகொண்டே இருக்கிறாள். வேலூர் பஸ், திருத்தணி பஸ் என்று ஒன்றையும் விடுவதில்லை. படம் போடுகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். தலை பின்னிவிடும்போது மட்டும் வாயைத் திறக்கிறாள். அம்மா இப்போது எத்தனையாவது பக்கத்தில் இருப்பாள் என்று கேட்டாள்.

எனக்கு நாள் போவது தெரியவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஷோபா


சித்தூர்
14 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமோ சுகம். உனக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும்.

பன்னிரண்டு நாளில் எழுபது பக்கம்! கல்யாணமான பிறகு இப்படி எழுதியதே இல்லை. இவருக்கு மாங்காய் சீசன், ஃபேக்டரியிலேயே சாப்பாடு. நேற்று நான் சமைக்கவே இல்லை. தயிர்சோறு, ஊறுகாய், மறுபடி எழுத்து.

இப்போது சொல்லப்போவதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. நேற்று எழுதிக்கொண்டிருக்கும்போதே தோன்றியது, பிள்ளைகளே இல்லாமல் இருந்திருந்தால் என்று. முன்பெல்லாம் இப்படித் தோன்றினால் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். நேற்று போட்டுக்கொள்ளவில்லை. கீர்த்தி பிறந்த வருஷம் பாதியில் விட்ட நாவல் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. கீர்த்தி வந்த பிறகு நான் எழுதியதெல்லாம் திருடி எழுதியதுதான், தூக்கத்திலிருந்தும் அடுப்பிலிருந்தும் திருடியது. நிதின் குழந்தை, அவனையாவது மடியில் போட்டுக்கொண்டு எழுதலாம். கீர்த்தி அப்படியில்லை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் பார்த்தால் எனக்கு ஓடாது. அவர்கள் அங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன் அக்கா. நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

படித்துவிட்டுக் கிழித்துப்போடு.

அம்சா


திருப்பதி
25 மே 2025

அம்சாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம்.

கீர்த்தி இங்கேயே இருந்து ஏழாவது படிக்கிறேன் என்கிறாள். ஹாஸ்டலுக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம், தலைமை ஆசிரியை பத்மாவதி எனக்குத் தெரிந்தவர், இடம் கிடைக்கும். திலீப்பிடம் கேட்டுச் சொல். நான் பார்த்துக்கொள்கிறேன்.

மற்றதைப் பற்றி யோசிக்காதே. முதலில் நாவலை முடி.

ஷோபா


சித்தூர்
28 மே 2025

அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மாதம் லீவுக்கு வந்த பிள்ளைக்கு நீ பள்ளிக்கூடமே பார்த்துவைத்திருக்கிறாய். ஃபோன் செய்தால் கீர்த்தி "ம்" என்கிறாள், "சரி" என்கிறாள், அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. பதினொரு வருஷம் என் புடவையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள். அவளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய்?

நான் ஏதோ எழுதிவிட்டேன். அதை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டாய். மனசில் வந்ததைச் சொன்னால் அதுவே பத்திரம் எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமா? பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையை விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இவர் வருகிறார். இரண்டு பேரையும் கிளப்பி அனுப்பு.

அம்சவேணி


சித்தூர்
8 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதினொரு நாளாகத் தபால்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதிப் பெட்டியில் போட்ட கையோடு, பெட்டியை உடைத்தாவது எடுத்துவிடலாமா என்று நின்றேன். மன்னித்துக்கொள் என்று எழுதக்கூடக் கை வரவில்லை.

இவர் நிதினோடு மட்டும் வந்தார். கீர்த்தி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளாம். ஒரு மணி நேரம் கெஞ்சியிருக்கிறார். "நான் வர்ல நைனா, அம்மாவுக்கு வேல கீது" என்று உள்ளேயிருந்து சொன்னாளாம். பெண் பிள்ளைக்கு இத்தனை பிடிவாதம் எங்கேயிருந்து வந்தது என்று என்னைக் கேட்கிறார்.

நாவல் முடிந்துவிட்டது. நாலாம் தேதியே அனுப்பியாச்சு, கெடுவுக்கு ஒரு நாள் முன்னால். அனுப்பிவிட்டு "முடிஞ்சிடுச்சி" என்று வாய்விட்டுச் சொன்னேன். நிதின் ஓடிவந்து, "இன்னா முடிஞ்சிடுச்சி, பிஸ்கட்டா?" என்று கேட்டான். நோட்டை எடுத்துப் புரட்டுகிறவள் வீட்டில் இல்லை. எத்தனை தடவை அவள் கையிலிருந்து பிடுங்கி வைத்திருப்பேன். அன்றைக்கு அவளுடைய பழைய ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சீப்பில் அவள் முடி சிக்கியிருக்கிறது, அதை எடுக்க மனசு வரவில்லை. எழுத இடம் இருக்கிறது, மேசை இருக்கிறது, அமைதி இருக்கிறது. இதைக் கேட்டுத்தான் இத்தனை வருஷம் அடம்பிடித்தேனா?

பன்னிரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். என்ன நடந்தது என்று மட்டும் சொல், அக்கா.

அம்சா


திருப்பதி
10 ஜூன் 2025

அம்சாவுக்கு,

நான் நலம், கீர்த்தியும் நலம். உன் வார்த்தை சுட்டது. சுட்டதற்காகப் பதில் எழுதாமல் இருக்கவில்லை, எழுத எனக்கு யோக்கியதை இல்லாமல் இருந்தது.

மே பதினேழாம் தேதி முழங்காலைக் காட்ட டாக்டரிடம் போயிருந்தேன். தபால்காரர் உன் கடிதத்தைக் கீர்த்தியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது படியில் உட்கார்ந்து விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கையெழுத்தைத் தடவிப் பார்க்கிறாள், பாவம் என்று நினைத்தேன். மடித்து என்னிடம் நீட்டினாள். "பெரியம்மா, கிழிச்சிப் போடச் சொல்லிக்கீறாங்க அம்மா" என்றாள்.

அவள் படம் போடவே இல்லை அம்சா. போர்டில் தெலுங்கில் இருப்பதையும் தமிழில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துத் தானாகவே எழுத்தைப் பிடித்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நம் இரண்டு பேருக்கும் அது தோன்றவும் இல்லை. படிக்க வராது என்றே இருந்துவிட்டோம்.

அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ நாவலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவருவாய், அப்புறம் ஆயுசுக்கும் எழுதமாட்டாய் என்று பயந்தேன். முதல் வாரம் அதுதான் காரணம். அதற்குப் பிறகு அது காரணம் இல்லை. அவள் இங்கேயே இருக்கிறேன் என்றாள். எனக்கு அது வேண்டியிருந்தது. பிள்ளை இல்லாத வீடு என்று நீ எழுதியது கோபத்தில், ஆனால் பொய்யில்லை. ஒரு பெண் என் வீட்டில் தலை பின்னிக்கொள்ள உட்காருகிறாள், அதை விட மனசில்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

ஷோபா


அம்மாவுக்கு கீர்த்தி எழுதரது.

நான் நல்லா கீரேன். நீ நல்லா கீரயா. நிதின் சைக்கில் கேட்டு அழரானா.

தமிழ் நானே கத்துக்கினேன். தமிழ்ல எல்லா க வுக்கும் ஒரே க தான், தெலுங்குல நாலு. அதனால படிக்கரது ஈசி, புரியரது கஷ்டம். தெரியாத எழுத்த ஃபோன்ல கேட்டேன், அது சொல்லிச்சி. உன் நோட்டுல என் பேரு இருக்குதா பாக்கணும்னு தான் கத்துக்கினேன். இங்க நோட்டு இல்ல. லெட்டர் வந்திச்சி. அதுல என் பேரு மூனு தடவ இருந்திச்சி.

பெரியம்மா மேல கோவப்படாத. அவங்க ஒன்னும் சொல்லல.

எனக்கு கோவம் இல்ல. ஸ்கூல்ல எங்களுக்கு நாப்பத்தொம்போது நாள் செலவு குடுத்தாங்க. நைனாவுக்கு ஞாயித்துக்கிழம செலவு. உனக்கு யாரும் செலவு குடுக்கல. அதனால நான் குடுக்கரேன். நான் அங்க வந்தா உனக்கு செலவு இல்ல. நான் இங்க இருந்தா உனக்கு நெரைய செலவு.

நான் இனிமே பாக்கமாட்டேன். உனக்கு நல்லா ஓடும்.

கீர்த்தி


சித்தூர்
13 ஜூன் 2025

என் கீர்த்திக்கு,

அம்மா எழுதுவது. நிதின் சைக்கிள் கேட்டு அழுகிறான், நீ இல்லை என்றும் அழுகிறான். எதற்கு எப்போது அழுகிறான் என்று தெரியவில்லை. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

"நான் இங்க இருந்தா உனக்கு நெரைய செலவு" என்று படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பதினொரு வயசுப் பிள்ளை காசைப் பற்றி யோசிக்கிறதே என்று. மறுபடி படித்தேன். அப்புறம்தான் நீ எழுதியது தெலுங்குச் செலவு என்று புரிந்தது. நீ எனக்கு லீவு கொடுத்திருக்கிறாய். தமிழில் அதை விடுமுறை என்று எழுத வேண்டும். வேண்டாம், நீ எழுதியபடியே இருக்கட்டும். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் எனக்கு லீவு வேண்டும் என்று யோசித்தவள் நீ ஒருத்திதான்.

நேற்று கிளம்பிச் சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். திருப்பதி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கிவிட்டேன். உன்னைக் கட்டிப்பிடித்து அழுது, பொய் எழுதிவிட்டேன் என்று சொல்லிக் கூட்டிவந்துவிடலாம். ஆனால் நான் பொய் எழுதவில்லை, கண்ணு. அன்றைக்கு அது எனக்கு நிஜமாகத்தான் தோன்றியது. உனக்கு இப்போது படிக்கத் தெரியும், உன்னிடம் மழுப்பக் கூடாது.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு நடந்ததை நீ படிக்கவில்லை. நாவல் முடிந்தது. அன்றிலிருந்து எனக்கு ஏக்கமாக இருக்கிறது. உன் தட்டைக் கழுவி வைக்கிறேன், அது அழுக்காகவே இல்லை. நீ பக்கத்தில் நின்று பார்த்தால் ஓடாது என்று எழுதினேன். இப்போது நீ பார்க்கவில்லை, எழுதவும் ஒன்றுமில்லை. ஏக்கத்தோடுதான் எழுந்திருக்கிறேன், ஏக்கத்தோடுதான் சமைக்கிறேன்.

நீ வந்தாலும் நான் மாறிவிட மாட்டேன். சிடுசிடுப்பேன், கதவைச் சாத்துவேன், இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கடி என்று கத்துவேன். எழுத நேரம் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். அப்புறம் கதவைத் திறந்து, எழுதியதை உன்னிடம் படிக்கக் கொடுப்பேன். இந்த வீட்டில் நான் எழுதியதை ஒருத்தரும் படித்ததில்லை. படிக்க வராது என்பது எனக்கு வசதி என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வருவதும் அங்கேயே இருப்பதும் உன் இஷ்டம். பெரியம்மா உன்னைத் தங்கமாகப் பார்த்துக்கொள்வாள், எனக்குத் தெரியும். கட்டாயப்படுத்த மாட்டேன்.

அம்மா


திருப்பதி
18 ஜூன் 2025

அம்சாவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பிரிக்காமல் கீர்த்தியிடம் கொடுத்தேன். சமையலறை வாசலில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி, முக்கால் மணி நேரம் படித்தாள். என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தேன், கரைந்து வெகு நேரமாகியும்.

அன்று காலையில்தான் எதிர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஃபாரம் வாங்கி வைத்திருந்தேன். படித்து முடித்ததும் அதைத்தான் கேட்பாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து, கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தாள்.

"பெரியம்மா, இந்த வார்த்த மூனு எடத்துல வருது. ஏக்கம்னா இன்னா?"

நம் பேச்சில் அந்த வார்த்தையை யார் சொல்கிறார்கள்? அது நீ புத்தகத்தில் எழுதுகிற வார்த்தை. அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் அவள் என்னையே பார்த்தாள்.

"பெங்க" என்றேன், தெலுங்கில்.

"அம்மாவுக்கா? என் மேலயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போய் முகம் கழுவிக்கொண்டு வந்து துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சித்தூரில் இறங்குவோம். நானே கூட்டி வருகிறேன், அன்று சாயங்காலமே திரும்பிவிடுவேன். ஹாஸ்டல் பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்துவிட்டார்கள், வேலை இருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் அம்சா. அந்த வார்த்தை எனக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் இங்கேயே இருந்திருப்பாள். வாய் வரை வந்தது.

ஷோபா